சங்கத்தின் பழைய ஏடுகளைக் குறியிடு மொழியில் அமைப்பது பற்றி

ஐயா, வணக்கம். டர்பனில் உள்ள உங்கள் கோயில் சங்கத்தின் கூட்டக் குறிப்பேடுகளையும் வரவு செலவுக் கணக்குகளையும் இளைஞர் சிலர் வேர்டு கோப்புகளாகத் தட்டச்சு செய்து வருவதாகவும், அவற்றை எக்ஸ்.எம்.எல். போன்ற ஒரு குறியிடு மொழியில், அதாவது உரையின் ஒவ்வொரு பகுதியும் என்ன என்பதைக் குறிச்சொற்களால் கணினிக்குச் சொல்லும் முறையில், அமைக்க விரும்புவதாகவும், எந்தெந்தக் குறிச்சொற்களை வைத்துக்கொள்வது, வேலையை எங்கிருந்து தொடங்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். நேட்டால் தமிழர்களின் ஏடுகளோடு பழகி வருபவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

குறிச்சொற்களின் பட்டியலுக்குப் போவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஏட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதும், அதைப் படித்து நாம் என்ன முடிவுக்கு வந்தோம் என்பதும் கோப்பில் எப்போதும் தனித்தனியே தெரிய வேண்டும். இந்த ஒன்றைக் காப்பாற்றினால் மற்ற பிழைகளைப் பின்னால் திருத்திக்கொள்ளலாம். இதைக் கோட்டை விட்டால், இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் கோப்பைத் திறக்கும் ஒருவருக்கு எது பாட்டனார் எழுதியது, எது தட்டச்சு செய்தவர் சேர்த்தது என்பது தெரியாமலே போய்விடும். மூல ஏடு அதற்குள் செல்லரித்துப் போயிருந்தால் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியிருக்காது.

வேர்டு கோப்பு ஏன் போதாது என்று உங்கள் செயற்குழுவில் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். வேர்டில் ஒரு வரியைத் தடித்த எழுத்தாக்கி நடுவில் வைத்தால், அது தலைப்பா, தீர்மானமா, தலைவரின் கையொப்பமா என்பது படிக்கும் மனிதருக்குப் புரியும், கணினிக்குப் புரியாது. ஒன்று எப்படித் தெரிகிறது என்பதை விட்டு, அது என்ன என்பதைக் குறிக்க வேண்டும் என்ற கருத்து புதியதன்று. 1969இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் சார்ல்ஸ் கோல்ட்ஃபார்ப், எட்வர்ட் மோஷர், ரேமண்ட் லோரி ஆகிய மூவர் சட்ட ஆவணங்களைக் கையாள்வதற்காக உருவாக்கிய ஜி.எம்.எல். என்ற குறியிடு மொழி அந்தக் கருத்தின் மேல் எழுந்தது. அதுவே 1986இல் எஸ்.ஜி.எம்.எல். என்ற பன்னாட்டுத் தரமாகவும், 1998 பிப்ரவரியில் அதன் எளிய வடிவமான எக்ஸ்.எம்.எல். ஆகவும் வளர்ந்தது. இன்றைய வேர்டு கோப்பும் உள்ளே எக்ஸ்.எம்.எல்.தான், ஆனால் அதிலுள்ள குறிகள் பத்தி, எழுத்துரு, வண்ணம், இடைவெளி ஆகியவற்றைச் சொல்கின்றனவே தவிர, நன்கொடை எது, நன்கொடையாளர் யார் என்பதைச் சொல்வதில்லை.

ஒரு சிறு எடுத்துக்காட்டோடு மேலே போகலாம். உங்கள் கணக்கேட்டில் இருக்கக்கூடிய நடையில் நானே எழுதிய வரிகள் இவை: "பிரபவ ௵ தை ௴ முனுசாமி தேர் ரிப்பேருக்குக் கொடுத்தது 2 பவுன் 7 ஷில்லிங் 6 பென்ஸ். ௸யார் உற்சவ விளக்குக்கு 10 ஷில்லிங்." இதில் ௵ வருஷத்தையும், ௴ மாதத்தையும், ௸ மேற்படி என்பதையும் குறிக்கும் பழைய குறிகள். இதைக் குறியிட்டால் ஏறக்குறைய இப்படி அமையும்:

<பதிவு>
<தேதி தொடக்கம்="1928-01" முடிவு="1928-02">பிரபவ ௵ தை ௴</தேதி>
<நபர் சுட்டு="நப-0117">முனுசாமி</நபர்> தேர் ரிப்பேருக்குக் கொடுத்தது
<தொகை பென்ஸ்="570">2 பவுன் 7 ஷில்லிங் 6 பென்ஸ்</தொகை>.
<நபர் சுட்டு="நப-0117"><சுருக்கம் விரி="மேற்படி">௸</சுருக்கம்>யார்</நபர்> உற்சவ விளக்குக்கு
<தொகை பென்ஸ்="120">10 ஷில்லிங்</தொகை>.
</பதிவு>

இதில் குறிச்சொற்களுக்கு இடையே நிற்பவை எல்லாம் ஏட்டின் எழுத்து. குறிச்சொற்களுக்குள் பென்ஸ்="570" என்பது போலப் பண்புகளாக நிற்பவை எல்லாம் நம்முடைய முடிவு. தொடக்கக் குறிச்சொல் முதல் முடிவுக் குறிச்சொல் வரை உள்ளதை உறுப்பு என்பார்கள். ஒன்றை உறுப்பாக வைப்பதா, பண்பாக வைப்பதா என்ற கேள்விக்குப் பாடநூல்கள் பலவிதமாகப் பதில் சொன்னாலும், பழைய ஏடுகளைப் பொறுத்தவரை இந்தப் பிரிவினையே போதும் என்பது என் கருத்து. சரிபார்க்கும் முறையும் எளிது: கோப்பிலிருந்து குறிச்சொற்கள் அனைத்தையும் நீக்கிவிட்டு மிஞ்சுவதைப் படித்துப் பாருங்கள். ஏட்டின் பக்கம் அப்படியே வந்தால் அமைப்பு சரி. ஏட்டில் இல்லாத ஒரு சொல் தட்டுப்பட்டாலும் எங்கோ எல்லை மீறியிருக்கிறோம் என்று பொருள்.

தேதியைப் பாருங்கள். பிரபவ வருஷம் 1927 ஏப்ரலில் பிறந்தது. ஆகவே அதன் தை மாதம் 1928 ஜனவரி நடுவில் தொடங்கி பிப்ரவரி நடுவில் முடிகிறது. பிரபவ என்றவுடன் 1927 என்று போட்டுவிட்டால், தைப்பூசக் காவடிக்கு வந்த நன்கொடை முழுவதும் ஓராண்டு முன்னால் போய் விழும். மேலும் அறுபது ஆண்டுச் சுற்றில் அதே பெயர் 1867-68இலும் 1987-88இலும் வருகிறது. ஏட்டின் மற்ற சான்றுகளைக் கொண்டுதான் எந்தச் சுற்று என்று தீர்மானிக்கிறோம். இப்படிப் பல படிகள் கொண்ட ஒரு கணிப்பை ஏட்டின் சொல்லுக்குப் பதிலாக எழுதிவிடக் கூடாது. "பிரபவ ௵ தை ௴" அங்கேயே இருக்கட்டும். கணிப்பு பண்பில் இருக்கட்டும். நாள் தெரியாதபோது ஒரு நாளை இட்டு நிரப்புவதைவிட, தொடக்கமும் முடிவும் கொடுப்பதே நேர்மையான வழி.

தொகைக்கும் இதே முறைதான். 1961 பிப்ரவரி 14 அன்று ரேண்ட் நடைமுறைக்கு வரும் வரை நம் கணக்குகள் பவுன், ஷில்லிங், பென்ஸில் இருந்தன. பவுனுக்கு 20 ஷில்லிங், ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். கணினி கூட்டிப் பார்ப்பதற்கு ஒரே அலகு தேவை என்பதால் பென்ஸில் மாற்றி வைத்திருக்கிறேன். மாற்றத்தின்போது ஒரு பவுன் 2 ரேண்ட் என்று கணக்கிடப்பட்டதால், 120 பென்ஸ் ஒரு ரேண்ட் ஆகும். மேலே உள்ள 570 பென்ஸ் 4 ரேண்ட் 75 சென்ட். ஆனால் அந்த ரேண்ட் மதிப்பைக் கோப்பில் எழுதி வைக்க வேண்டாம், தேவைப்படும்போது கணினியே கணக்கிட்டுக் கொள்ளும். கணக்கர் பக்கத்தின் அடியில் போட்ட கூட்டுத்தொகை தவறாக இருந்தால் அதையும் திருத்தாமல் விட்டுவிடுங்கள். அவருடைய கூட்டுத்தொகையும் நம் கூட்டுத்தொகையும் எங்கே வேறுபடுகின்றன என்பதே ஒருநாள் யாரோ ஓர் ஆய்வாளருக்கு வேண்டிய செய்தியாக இருக்கலாம்.

மிகக் கடினமான பகுதி ஆட்களின் பெயர்கள்தான். உங்கள் உழைப்பில் பெரும்பங்கை இங்கே செலவிடச் சொல்வேன். சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்துக்கு வந்ததிலிருந்து 1911 வரை ஒப்பந்தத் தொழிலாளர்களாக இங்கே வந்து சேர்ந்த 1,52,184 பேரில், முனுசாமி என்ற பெயருடையவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். அதே முனுசாமி கப்பல் பட்டியலில் மூன்சாமி என்று எழுத்தரின் காதில் விழுந்தபடி எழுதப்பட்டிருப்பார். கவுண்டர் இங்கே கோவெண்டர் ஆனார், முதலி மூட்லி ஆனார். ஆகவே பெயரின் எழுத்தை நம்பி ஆளை அடையாளம் காண முடியாது. நபர்களுக்கென்று தனியாக ஒரு கோப்பு வைத்து, ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாள எண் கொடுத்து, ஏட்டில் அவர் பெயர் வரும் இடமெல்லாம் அந்த எண்ணைச் சுட்டுங்கள். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் தரப்பட்ட காலனி எண் தெரிந்தால் அதையும் அந்த நபர் கோப்பிலேயே எழுதுங்கள். ஆனால் அதையே உங்கள் அடையாள எண்ணாக ஆக்கிக்கொள்ள வேண்டாம், ஏனெனில் இங்கேயே பிறந்தவர்களுக்கும் சொந்தச் செலவில் வந்த வணிகர்களுக்கும் அந்த எண் கிடையாது.

இரண்டு பதிவுகளில் வரும் முனுசாமி ஒருவரே என்று தோன்றினாலும், சான்று கிடைக்கும் வரை இரண்டு எண்களாகவே வைத்திருங்கள். பிரித்து வைத்ததைப் பின்னால் சேர்ப்பது ஒரு வரி வேலை. சேர்த்து வைத்ததைப் பிரிப்பதற்கோ ஒவ்வொரு பக்கத்தையும் மீண்டும் படிக்க வேண்டும். சேர்க்கும்போது, யார் சேர்த்தார், எந்தச் சான்றின் பேரில், எவ்வளவு உறுதியோடு என்ற மூன்றையும் நபர் கோப்பில் பதிந்துவிடுங்கள். "அவர் எங்கள் தாத்தாதான்" என்று ஒரு குடும்பத்தார் சொல்வதும் மதிக்கத்தக்க சான்றே; அதை வாய்மொழிச் சான்று என்றே எழுதுங்கள்.

ஊர்ப்பெயர்களுக்கும் இப்படி ஒரு தனிக் கோப்பு வேண்டும். குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டத்தின் கீழ், டர்பனின் கேட்டோ மேனர் மக்கள் வேரோடு பெயர்க்கப்பட்டு, அவர்களில் பெரும்பாலான இந்தியர்கள் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பப்பட்ட வரலாறு உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதற்கு முந்தைய ஏட்டில் "நம்ம தோட்டம்" என்று இருப்பதும் பிந்தைய ஏட்டில் "நம்ம தோட்டம்" என்று இருப்பதும் ஒரே நிலமாக இருக்க வாய்ப்பில்லை. சொல் ஒன்றாக இருந்தாலும் சுட்டு வேறாக இருக்க வேண்டும். இழந்த நிலங்களைப் பற்றிய பேச்சில் இந்தச் சிறு வேறுபாட்டுக்கு எவ்வளவு எடை உண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள்.

தெளிவில்லாத இடங்களுக்கு மூன்று குறிச்சொற்கள் போதும். படிக்க முடிகிறது, ஆனால் உறுதியில்லை என்றால் <ஐயம்>. கறையான் தின்றோ மை கரைந்தோ போன இடத்துக்கு, காரணத்தையும் ஏறக்குறைய எத்தனை எழுத்து என்பதையும் சொல்லும் வெற்று உறுப்பு: <சிதைவு காரணம்="கறையான்" எழுத்து="4"/>. அந்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று நீங்கள் ஊகித்தால், அந்தச் சொல்லை உள்ளே எழுதாமல் அதே உறுப்பில் ஊகம் என்ற பண்பாகக் கொடுங்கள். எழுத்துப்பிழைகளுக்கும் அப்படியே: ஏட்டின் வடிவம் உள்ளே, திருந்திய வடிவம் பண்பில். சொற்பிழை போலத் தோன்றும் பல, நேட்டால் தமிழரின் பேச்சு வழக்காக இருக்கும் என்பதால் திருத்தும் முன் மூத்தவர் ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள்.

பக்கங்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பலரும் முதலில் <பக்கம்> என்ற உறுப்பைத் திறந்து அதற்குள் தீர்மானங்களை வைக்கப் பார்ப்பார்கள். ஒரு தீர்மானம் 14ஆம் பக்கத்தின் அடியில் தொடங்கி 15ஆம் பக்கத்தின் தலையில் முடியும்போது சிக்கல் வரும், எக்ஸ்.எம்.எல்.லில் ஓர் உறுப்பு இன்னோர் உறுப்புக்குள் முழுமையாக அடங்க வேண்டுமே தவிர, பாதி உள்ளே பாதி வெளியே நிற்க முடியாது. கூட்டம், அதற்குள் தீர்மானம், அதற்குள் பெயரும் தொகையும் என்று பொருளின்படி அடுக்கை அமையுங்கள்; புதிய பக்கம் தொடங்கும் இடத்தில் <பக்கம் எண்="15" படம்="ஏடு3-015"/> என்று மைல்கல் போல ஒரு வெற்று உறுப்பை நட்டுவிடுங்கள். அந்தப் பக்கத்தின் ஒளிப்படக் கோப்பின் பெயரும் அதிலேயே இருந்தால், வாசகர் எந்த வரியிலிருந்தும் மூலப் பக்கத்தைப் பார்த்துவிடலாம். வரி முறிவுகளைக் குறிப்பது கவிதைக்கும் கல்வெட்டுக்கும் தேவை, கூட்டக் குறிப்புக்குத் தேவையில்லை என்று விட்டுவிடுவேன்.

தமிழ் எழுத்தால் வரும் சிக்கல்கள் தனி. முதலாவது, தட்டச்சு பாமினி போன்ற பழைய எழுத்துருவில் நடந்திருந்தால், முதல் வேலையாக யூனிகோடுக்கு மாற்றிச் சரிபாருங்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகவே தெரியும். ௳, ௴, ௵, ௸ போன்ற பழைய குறிகள் யூனிகோடில் 2003 முதல் இருக்கின்றன. கால், அரை, மாகாணி முதலான பின்னக் குறிகளில் பல 2019இல் சேர்க்கப்பட்டன. ஆகவே அவற்றை விரித்து எழுதிவிட வேண்டிய கட்டாயம் இப்போது இல்லை. இன்னொரு பக்கம், 1978இல் தமிழ்நாட்டில் நடந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, றா, னா வடிவங்கள் யூனிகோடில் தனி எழுத்துகள் அல்ல. அவை எழுத்துருவைச் சார்ந்தவை. அவற்றைக் குறிக்க முயன்று நேரத்தைச் செலவிட வேண்டாம், ஒளிப்படம் அதைக் காட்டும்.

இரண்டாவது சிக்கல் கண்ணுக்கே தெரியாதது. எக்ஸ்.எம்.எல்.லில் குறிச்சொற்களின் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம், மேலே நான் வைத்திருப்பதும் அப்படியே. ஆனால் "தொகை" என்பதன் முதல் எழுத்தை இரண்டு விதமாகக் கணினியில் சேமிக்க முடியும்: ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாக வைக்கலாம், அல்லது ஒற்றைக் கொம்பும் காலும் என இரண்டு குறியெண்களாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. தொடக்கக் குறிச்சொல் ஒரு விதமாகவும் முடிவுக் குறிச்சொல் மற்றொரு விதமாகவும் அமைந்துவிட்டால், இரண்டும் பொருந்தவில்லை என்று மென்பொருள் பிழை காட்டும். பார்ப்பவருக்கோ பிழையே தெரியாது. ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் மூன்றிலும் இது நேரும். கோப்பைச் சேமிக்கும்போதெல்லாம் ஓர் எழுத்தை எப்போதும் ஒரே விதமாகச் சேமிக்கும் யூனிகோடின் என்.எஃப்.சி. வடிவத்துக்கு மாற்றிவிடுவதை வழக்கமாக்கினால் இந்தத் தொல்லை இல்லை. பெயர்களைத் தேடும்போதும் அது உதவும்.

ஒரே வரியில் தமிழும் ஆங்கிலமும் தெலுங்கும் கலந்து வருவது நம் ஏடுகளின் இயல்பு. மொழியைச் சுட்டுவதற்கான பண்பு எக்ஸ்.எம்.எல். தரத்திலேயே வரையறுக்கப்பட்டிருக்கிறது, அதற்குப் பதிலாகச் சொந்தமாக ஒன்றை உருவாக்க வேண்டாம். ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழுக்கும் தனிக் குறி உண்டு, நம் பிற்கால ஏடுகளுக்கு அது அவசியம் தேவைப்படும்.

இவ்வளவையும் நீங்களே புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டுமா என்றால், வேண்டாம். 1987இல் தொடங்கிய டி.இ.ஐ. எனும் உரைக் குறியீட்டு முயற்சி, கையெழுத்துப் பிரதிகள், கடிதங்கள், அகராதிகள் எனப் பலவகை ஆவணங்களுக்கான உறுப்புகளை விரிவாக வரையறுத்து வைத்திருக்கிறது. 2007இல் வந்த அதன் ஐந்தாம் பதிப்பே இன்றும் புதுப்பிக்கப்பட்டு வருகிறது. ஐயம், சிதைவு, சுருக்கம், நபர், இடம், பக்க முறிவு என்று நான் சொன்ன எல்லாவற்றுக்கும் அதில் இணையான உறுப்பு உண்டு. அதில் இருக்கும் சில நூறு உறுப்புகளைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. உங்களுக்கு இருபதுக்கு மேல் தேவைப்படாது. வேண்டியதை மட்டும் தேர்ந்து, பெயர்களைத் தமிழில் மாற்றி வைக்கவும் அது இடம் தருகிறது. ஒரு வேறுபாட்டை மட்டும் நினைவில் வையுங்கள்: பிழையும் திருத்தமும் வரும் இடத்தில் டி.இ.ஐ. இரண்டையும் உறுப்புகளாக அருகருகே வைக்கிறது, ஆகவே நான் சொன்ன நீக்கிப் பார்க்கும் சோதனையைச் செய்யும்போது திருத்த உறுப்பை உள்ளடக்கத்தோடு நீக்க வேண்டும். தமிழ்ப் பெயர்களா, டி.இ.ஐ. பெயர்களா என்பதை உங்கள் குழுவைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பழைய கையெழுத்தைப் படிக்கக்கூடிய மூத்தவர்கள் திரையைப் பார்த்துச் சரிபார்ப்பார்கள் என்றால் தமிழ்ப் பெயர்கள் பெரிதும் உதவும். குறியிடும் இளைஞர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் படித்தவர்கள் என்றால் டி.இ.ஐ. பெயர்களே வேகமாக வரும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எக்ஸ்.எம்.எல். கோப்புகளை உருமாற்றுவதற்கான எக்ஸ்.எஸ்.எல்.டி. மொழியைக் கொண்டு மாற்றிக்கொள்ளலாம் என்பதால் இதில் அஞ்ச ஒன்றுமில்லை.

விதிகளை எழுதி வைக்கும் ஸ்கீமாவை முதல் நாளே எழுத உட்காராதீர்கள். எல்லாக் காலத்து ஏடுகளிலிருந்தும் சில பக்கங்களை, அழகான பக்கங்களை விட்டுவிட்டு மிக மோசமானவற்றை, எடுத்துக் குறியிட்டுப் பாருங்கள். எந்தக் குறிச்சொல் உண்மையில் தேவைப்படுகிறது, எது இருவர் கையில் இரண்டு விதமாகப் பயன்படுகிறது என்பது அப்போது தெரியும். அதன் பிறகு ரிலாக்ஸ் என்.ஜி.யில் ஸ்கீமாவை எழுதுங்கள். ஜேம்ஸ் கிளார்க்கும் முராத்தா மகோட்டோவும் உருவாக்கிய அந்த மொழி, படிப்பதற்கு மற்றவற்றைவிட எளிது. "சுட்டப்படும் எண் நபர் கோப்பில் இருக்க வேண்டும்", "தொடக்கத் தேதி முடிவுத் தேதிக்குப் பிந்தியதாக இருக்கக் கூடாது" போன்ற விதிகளுக்கு ஸ்கீமட்ரான் என்ற சரிபார்ப்பு மொழி பொருத்தம். ஒவ்வொரு குறிச்சொல்லுக்கும் அருகே, அதை எப்போது இட வேண்டும், எப்போது இடக் கூடாது என்பதற்கு ஏட்டிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டை எழுதி வையுங்கள். நாளை புதிதாக வரும் தொண்டர் படிக்கப்போவது அதைத்தான்.

வெளியிடுவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, எனினும் சொல்லாமல் விட முடியவில்லை. அண்மைக் கால ஏடுகளில் உயிரோடு இருப்பவர்களின் கடன், குடும்பத் தகராறு, வறுமை நிவாரணம் ஆகியவை பெயரோடு வரும். பழைய பதிவேடுகளில் சாதி என்று ஒரு பத்தியே இருக்கும். எதையும் கோப்பிலிருந்து அழிக்க வேண்டாம். அத்தகைய உறுப்பில் <குறிப்பு வெளியீடு="இல்லை"> என்பது போல ஒரு பண்பை வைத்து, இணையப் பக்கமாகவோ அச்சாகவோ மாற்றும் நிரல் அதைத் தாண்டிப் போகும்படி செய்யுங்கள். சாதிப் பத்தியில் இருப்பது எழுத்தர் எழுதியது, அந்த மனிதர் தன்னைப் பற்றிச் சொன்னதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. அந்தச் சொல்லை நபர் கோப்புக்கு எடுத்துச் செல்லாமல், பதிவேட்டின் வாக்காக அங்கேயே விட்டுவைக்க வேண்டும்.

மென்பொருள் எது என்று கேட்டிருந்தீர்கள். ஆக்ஸிஜன் என்ற எக்ஸ்.எம்.எல். தொகுப்பு மென்பொருள் இந்த வேலைக்கு மிக வசதியானது, ஆனால் விலை கொடுத்து வாங்க வேண்டும்; இலவசமாகக் கிடைக்கும் விஷுவல் ஸ்டுடியோ கோடில் எக்ஸ்.எம்.எல். நீட்சி ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் உங்கள் தேவைக்குப் போதும். கோப்புகளைக் கிட் போன்ற பதிப்புக் கட்டுப்பாட்டில் வையுங்கள், யார் எதை எப்போது மாற்றினார் என்பது தானாகவே பதிவாகும். குறியிட்ட முதல் பக்கங்களை அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன். ஒளிப்படங்களையும் சேர்த்தே அனுப்புங்கள்.